ஒரு சொல்லில் இறங்கிய லிஃப்ட்

"நாற்காலியை விட்டு எந்திரிக்கலைங்க. ஸ்பேனரைத் தொடலை, ஸ்குரூ டிரைவரைத் தொடலை. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத்தான் சொன்னேன். அந்தரத்துல தொங்கிட்டிருந்த லிஃப்ட், உள்ள இருந்த ஆபீசரோட சேர்த்து, பூ மாதிரி கீழ வந்து இறங்கிடுச்சு."

சொன்னவள் அந்த லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் தொலைபேசிக்காரி. சொன்ன இடம் விசாரணை அறை. எதற்கெடுத்தாலும் உச்சுக் கொட்டி ஆமாம் போடும் சுவர்ப் பல்லிகூட அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பேசியது நிஜமாகவே இவள்தானா என்று ஒரு முறை பார்த்தார். சன்னலோரம் நின்ற மூத்த மெக்கானிக்குக்குச் சிரிப்புப் பீறிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார். இருமல் நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

சிரிக்காதவர் ஒருவர்தான்.

"பொய்," என்றார் அவர். "கலப்படமில்லாத பொய். லிஃப்ட் தானா இறங்கிச்சு."

இதைச் சொன்னவர்தான் அந்த லிஃப்டுக்குள் தொங்கிய ஆபீசர். தொலைபேசிக்காரிக்குக் கூடப்பிறந்த அக்காவின் புருஷனும் அவர்தான்.

வீட்டில் "அத்தான்" என்று கூப்பிடும் வாய், ஆபீஸ் படியேறியதும் "சார்" என்று மாறிவிட வேண்டும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். அவள் அதை அப்படியே கடைப்பிடித்தாள். அவள் "சார்" என்று சொல்லும் விதத்தைக் கேட்டால், திட்டியிருந்தாலே தேவலை என்று தோன்றும்.

ஆபீசில் அவருக்குப் பெயர் அகராதி. ஆங்கில அகராதியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவதால் வந்த பெயர் என்று அவர் உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தார். அகராதி பிடித்த மனுஷன் என்பதால் வந்தது என்பது, அவர் ஒருவரைத் தவிர, வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் தெரியும்.

அவர் வேலை என்னவோ சாதாரண வேலைதான். மெக்கானிக்குகள் எழுதும் வேலை அறிக்கைகளைப் படித்து, பிழை திருத்தி, உயரமான கட்டிடங்களில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிவைப்பது. அதைச் செய்துகொண்டு, மாலையானால் வீட்டுக்குப் போய், காலை நீட்டிக்கொண்டு, நல்ல மனுஷனாகவே அவர் ரிட்டயர் ஆகியிருப்பார். விதி யாரை விட்டது? ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குக் கம்பெனி அவரை அனுப்பிவைத்தது.

போகும்போது மனிதராகத்தான் போனார். திரும்பும்போது ஒரு தோள்பை, எழுதாத பேனா ஒன்று, ஒரு ஜென்மப் பகை ஆகியவற்றோடு வந்தார். பகை, ஆங்கிலத்தில் உள்ள 'கெட்' என்ற வினைச்சொல்லின் மேல்.

"சோம்பேறிகளோட வினைச்சொல்!" என்று மறுநாள் எல்லாரையும் நிற்கவைத்து முழங்கினார். "பொருள் வாங்கினாலும் கெட், பரிசு கிடைச்சாலும் கெட், பஸ்ஸைப் பிடிச்சாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், கோபம் வந்தாலும் கெட், விஷயம் புரிஞ்சாலும் கெட், கல்யாணம் ஆனாலும் கெட்! ஒரே சொல்லு இத்தனை வேலையும் பார்த்தா, மத்த சொல்லெல்லாம் என்ன, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைங்களா?"

"பாவம் சார் அது," என்றார் மூத்த மெக்கானிக். அவரைக் கிரீஸ் அண்ணன் என்பார்கள். எந்தச் சட்டை போட்டாலும் அரை மணியில் அதன் நிறம் கிரீஸ் நிறமாகிவிடும். "நம்ம ஆபீஸ்ல நான் பாக்கிற மாதிரியே எல்லா வேலையும் அது ஒண்ணே பாக்குது. அதுக்குச் சம்பளம் உயர்த்திக் குடுக்காம வேலையை விட்டுத் தூக்குறீங்களே?"

அகராதி அன்றைக்கே சட்டம் போட்டார். இனி ஆபீசில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது, பேசக் கூடாது. அதன் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் பட்டுக் குஞ்சம் கட்டிய ஒரு மாற்றுச் சொல் கண்டுபிடித்து அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: அப்டெய்ன், அக்வயர், ப்ரொக்யூர், ரிட்ரீவ், காம்ப்ரிஹெண்ட். வரவேற்பறையில் ஓர் அட்டை, பட்டறையில் ஓர் அட்டை, படிக்கட்டுத் திருப்பத்தில் ஓர் அட்டை. கழிப்பறைக் கதவின் உள்பக்கம் தொங்கிய அட்டைதான் ஆற அமரப் படிக்கப்பட்டது.

அதுவரை "சாவி வாங்கி, உள்ளே போய், லிஃப்டை ஓட வைத்தோம்" என்று ஒற்றை வரியில் முடிந்த அறிக்கை, ராஜ பரம்பரையின் கல்யாணப் பத்திரிகை போல நீண்டது. சாவியை அப்டெய்ன் செய்தார்கள். உள்ளே நுழைவதை அக்வயர் செய்தார்கள். கோளாறைக் காம்ப்ரிஹெண்ட் செய்தார்கள். ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பதறிப்போய்க் கேட்டார்: "உங்க ஆளுங்க எங்க லிஃப்டை ரிப்பேர் பண்ணாங்களா, இல்ல சொந்தமாவே வாங்கிட்டாங்களா?"

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் மனைவி அடுப்படியிலிருந்து "பால் கெட்டுப்போச்சு" என்றாள். 'கெட்' என்பது காதில் விழுந்ததுமே அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

சட்டம் என்றால் தண்டனை வேண்டுமே? அதற்கு அவர் கண் வைத்தது மணியின் மேல்.

தொலைபேசிக்காரியின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பித்தளை மணி தொங்கியது. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தால் அவள் அந்த மணிக் கயிற்றை இழுப்பாள். பட்டறையில் சாணை பிடிக்கும் இயந்திரம் எவ்வளவு அலறினாலும் அந்த மணியோசை அதைக் கிழித்துக்கொண்டு போகும். கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி மெக்கானிக்குகள் ஓடிவருவார்கள். பாதிச் சவரத்தோடு ஒருவர் ஓடியதுண்டு. அந்தக் கம்பெனியில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான் அந்த மணிதான்.

"மணி சும்மாத்தானே தொங்குது," என்றார் அகராதி. "தினமுமா யாராவது மாட்டிக்கிறாங்க?"

அன்றிலிருந்து அது வெட்க மணி ஆயிற்று. அந்தச் சொல்லைச் சொன்னவர் தன் கையாலேயே மணியை அடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை அடித்தால் கிடங்குக்கு மாற்றல். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கிடங்கு. அங்கே துருப்பிடித்த கம்பிகளைத் தவிரப் பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. சிலர் விளையாட்டுக்கு மணியை அடித்துப் பார்த்தார்கள். உடனே துணைச் சட்டம் வந்தது: சொல்லைச் சொல்லாமல் அடித்தால் அது பொய் மணி, அன்றைக்கே வீட்டுக்கு. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது ஒரே குற்றம். அதற்கு இரண்டாம் முறை அடித்தாலும் பொய் மணிதான். தன் நியாய உணர்ச்சியை நினைத்து அகராதிக்கே கண் கலங்கியது.

சரி, யாராவது நிஜமாகவே மாட்டிக்கொண்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார். எந்த வினைச்சொல்லில் உதவி வேண்டும் என்று முதலில் தெளிவாகக் கேட்டு எழுத வேண்டும். அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் ஆள் கிளம்பும். மெக்கானிக்குகள் செல்போனில் அந்தச் சொல்லை அனுப்பி விளையாடியது தெரிந்ததும், வேலை நேரத்தில் செல்போன்கள் எல்லாம் ஓர் அலமாரிக்குள் போயின. சாவி அவர் சட்டைப் பையில்.

கொஞ்ச நாளில் பட்டறைக்கு மணியோசை பழகிப்போயிற்று. டங் என்று கேட்டால், "ஒரு கெட்ட வார்த்தை காலி!" என்று யாராவது சொல்வார்கள். சீட்டாட்டம் தொடரும்.

தொலைபேசிக்காரியின் கணக்கில் ஏற்கெனவே இரண்டு மணி ஏறியிருந்தது. முதல் மணி, காய்ச்சலில் படுத்த வாடிக்கையாளரிடம் "கெட் வெல் சூன்" என்று சொன்னதற்கு. இரண்டாவது மணிதான் அநியாயம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அட்டையின் தலைப்பு என்னவென்று கேட்டார். "'கெட்'டுக்கு மாற்றுச் சொற்கள்னு போட்டிருக்கு," என்று வாசித்துக் காட்டினாள். அகராதி பின்னால் நின்றிருந்தார்.

"மாற்றுச் சொற்கள்னு மட்டும் வாசிச்சிருக்கலாமே?" என்றார். அவளே எழுந்து மணியை அடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மனைவி குழம்புக் கரண்டியைத் தட்டுக்கு மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "என் தங்கச்சி சம்பளத்துலதான் அந்த வீட்டு உலை கொதிக்குதுன்னு தெரியுமா, தெரியாதா? கிடங்குக்குப் போனா அவ வேலையை விட வேண்டியதுதான். புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு எப்படி ரெண்டு பஸ் மாறுவா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு," என்றார் அவர். கரண்டி சாயாமலே சட்டிக்குத் திரும்பியது.

இனிமேல்தான் கதை லிஃப்டில் ஏறுகிறது.

அது முதலாளியம்மா வருவதற்கு முந்தின நாள். இந்தத் திட்டத்தைப் பார்த்து, பிடித்திருந்தால் எல்லாக் கிளைகளிலும் போட்டு, அதற்கெல்லாம் அகராதியையே தலைவராக்குவதாகப் பேச்சு. விடுவாரா? கதவளவுக்கு ஓர் அட்டை எழுதி, தங்க நிறச் சட்டம் போட்டு, மேல்மாடிக் கூட்ட அறையில் மாட்ட அவரே தூக்கிக்கொண்டு போனார். மதியம் சாப்பாடு முடிந்த வேளை. மேல்மாடிகளில் புறாக்களைத் தவிர யாருமில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் சொந்த லிஃப்ட், கம்பிக் கதவு போட்ட கிழட்டு லிஃப்ட். அட்டை உள்ளே அடங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், படுக்கப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கம்பிக் கதவின் இடைவெளியில் ஒரு மூலையை நீட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். நாலாவது மாடியைத் தாண்டியதும் நீட்டிய மூலை மாடி விளிம்பில் மாட்டியது. கடக் என்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது. விசிறி நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் இருந்த ஆபத்து விளக்கு மட்டும் மஞ்சள் காமாலை வந்தது போல எரிந்தது.

கத்திப் பார்த்தார். புறாக்கள் பதில் சொல்லின.

லிஃப்டுக்குள் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. எடுத்தால் நேரே கீழே மச்சினியின் மேசையில் அடிக்கும். ஒரு முறை வைத்துவிட்டால், மறுபடி இணைப்புக் கிடைக்க அதற்கு மனசு வர வேண்டும். அதனால் பேச்சு முடியும்வரை இரண்டு பக்கமும் வைக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது என்பது அகராதி காலத்துக்கும் முந்திய விதி.

"வணக்கம், அவசர உதவி," என்றது அவள் குரல். "தங்களுக்கு எந்த வினைச்சொல்லில் உதவி வேண்டும்?"

"நான்தான்!"

"நான் என்பது வினைச்சொல் இல்லைங்களே."

"ஏய், உன் அத்தான்! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்!"

"அத்தான்னு ஆபீஸ்ல எனக்கு யாரும் கிடையாதுங்க. சார்னு ஒருத்தர் உண்டு. அவர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அகராதி மூச்சை இழுத்துவிட்டார். அட்டைதான் பக்கத்திலேயே இருக்கிறதே! மஞ்சள் வெளிச்சத்தில் மூக்கை அதன்மேல் வைத்துத் தேடினார்.

"ரிட்ரீவ்! என்னை ரிட்ரீவ் பண்ணச் சொல்லி எழுது."

"அது காணாமப்போன சாமானுக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க சார். நீங்க காணாமப் போகலையே. எங்க இருக்கீங்கன்னு நல்லாத் தெரியுதே."

"ப்ரொக்யூர்!"

"அது விலை குடுத்து வாங்கறதுக்கு. உங்களை யாரு சார் விலைக்கு வாங்குவா? எங்க அக்காவையே சும்மா கட்டிக் குடுத்துட்டோம்னு இன்னும் வருத்தப்படுறோம்."

"எக்ஸ்ட்ரிகேட்! சிக்கினதை விடுவிக்கிறது!"

"அட்டையிலயே இல்லையே சார். இல்லாத சொல்லை எழுதினா நீங்க சிவப்பு மையால அடிப்பீங்களே."

"எதையோ எழுதித் தொலை! ஆளை அனுப்பு!"

"எழுதிட்டேன்னே வச்சுக்கங்க. கையெழுத்து நீங்கதானே போடணும்? கீழ வந்து போட்டுட்டுப் போறீங்களா?"

 மறுமுனையில் மூச்சிரைப்பு கேட்டது. அகராதி டையைத் தளர்த்தியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் கொடுத்த தோள்பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"காத்து இல்லம்மா," என்றார். குரல் நூலாகிப் போயிருந்தது. "நெஞ்சு படபடங்குது. அட்டையை எடுக்கப் பார்த்தா பெட்டியே ஆடுது."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த நொடியே போயிற்று. கண்ணெதிரே மணிக் கயிறு தொங்கியது. எழுந்து பட்டறைக்கு ஓட முடியாது. தொலைபேசி கைவிட்டுப் போகும். "கிரீஸ் அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சாணை இயந்திரம் அதை அப்படியே தின்றுவிட்டது. செல்போன்களெல்லாம் அலமாரியில், அலமாரிச் சாவி நாலாவது மாடிக்கு மேலே தொங்குகிறது.

"மணி அடி," என்றார் அவர்.

"சொல்லாம அடிச்சா பொய் மணி சார். இன்னிக்கே வீட்டுக்கு."

"அப்ப... சொல்லிட்டு அடி."

"சொல்லிட்டு அடிச்சா எனக்கு மூணாவது மணி. கிடங்கு."

அவர் "பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் மறுநாள் முதலாளியம்மா வருகிறார் என்ற நினைப்பு முந்திக்கொண்டு அதன் வாயைப் பொத்திவிட்டது.

அவள் ஒரு கணம் காத்திருந்தாள். வராது என்று தெரிந்துகொண்டாள். "எங்க அக்கா தாலிக்காகச் சொல்றேன், உங்களுக்காக இல்ல," என்றாள். "கெட் ஹிம் அவுட்!"

டங்!

பட்டறையில் ஒரு குரல் "ஒரு கெட்ட வார்த்தை காலி!" என்றது. சீட்டு இறங்கியது.

"யாரும் வரலை அத்தான்."

"மறுபடி அடி!"

"ஒரே வாக்கியத்துக்கு ரெண்டு தடவை அடிச்சா பொய் மணியாச்சே! வேற அர்த்தத்துல சொல்லணும். இருங்க... கெட் அப்! எந்திரி." டங்! "கெட் ரெடி! தயாராகு." டங்! "கெட் லாஸ்ட்! இது உங்களுக்கு." டங்! "கெட் த பஸ்! ரெண்டு பஸ்ஸு, நாளையிலேர்ந்து எனக்கு." டங்! "கெட் ஆங்ரி! இது எங்க அக்காவுக்கு, ராத்திரி." டங்!

கெட் அவுட், கெட் இன், கெட் ஓவர் எல்லாம் ஆனது. அவள் ஆங்கிலம் தொலைபேசி ஆங்கிலம், அது தீர்ந்துபோயிற்று.

"எனக்கு வேற தெரியலை அத்தான்!"

அப்போது நடந்ததைத்தான் அகராதி அப்புறம் சத்தியம் பண்ணி மறுத்தார். தோள்பையின் மேலிருந்து அவர் துள்ளி எழுந்தார். பல வருஷமாகத் தலைமாட்டில் கிடந்த அகராதி மடை திறந்தது.

"தெரியலையா? 'கெட் அலாங்' சொல்லு! ஒத்துப்போறது!"

"நமக்குள்ள இல்லாததா? கெட் அலாங்!" டங்!

"'கெட் ரிட் ஆஃப்'! ஒழிச்சுக் கட்டறது! 'கெட் த ஜோக்'! சிரிப்பு புரியறது! 'கெட் எ கோல்ட்'! சளி பிடிக்கிறது! 'கெட் மேரீட்' விட்டுட்டியே, கழுதை!"

டங்! டங்! டங்! டங்!

அவர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மணி அலறியது. ஆங்கிலம் பிறந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு முழுசாக, எந்தப் பேராசிரியர் வாயிலும் உச்சரிக்கப்பட்டிருக்காது. சுவரிலிருந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. தெருவில் போன நாய் ஒன்று நின்று ஊளையிட்டது.

பட்டறையில் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சாணை இயந்திரத்தையே நிறுத்தினார்கள்.

"யாரோ வேலையை விட்டுப் போற தைரியத்துல மொத்தமாத் திட்டித் தீர்க்கிறான்டா," என்றார் கிரீஸ் அண்ணன். "இந்த மாதிரி வேடிக்கை ஆயுசுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். வாங்கடா!"

சீட்டைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் மணிக் கயிற்றோடு, தலைமுடி பறக்க நாற்காலியில் துள்ளிக்கொண்டிருந்தவள் மேலே கையைக் காட்டினாள்: "அண்ணே! சார் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தொங்கறார்!"

ஓடினார்கள். ஒருவர் அட்டையின் மூலையை அறுத்தெறிந்தார். கிரீஸ் அண்ணன் மொட்டை மாடி மெஷின் அறையில் பிரேக்கைத் தளர்த்திக் கைச்சக்கரத்தைச் சுற்றினார். லிஃப்ட், பூ மாதிரி என்று சொல்ல முடியாது, பூசணிக்காய் மாதிரி இறங்கி வந்தது. அகராதி வெளியே வந்து முதல் வேலையாகத் தண்ணீர் குடித்தார். இரண்டாவது வேலையாக மச்சினியின் மேல் புகார் எழுதினார்.

ஆமாம், எழுதினார்.  மணிக்கதை வெளியே வந்தால் திட்டமும் போகும், தலைமைப் பதவியும் போகும். அவள் கிடங்குக்குப் போனால் கதையும் கூடவே போய்விடும் என்று கணக்குப் போட்டார். அன்று இரவு வீட்டில் அவருக்குச் சாப்பாடு வைக்கப்பட்டதா என்று யாரும் கேட்காதீர்கள்.

இப்போது விசாரணை அறையில் முதலாளியம்மா மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மணியைக் கேட்டுத்தான் போனீங்களா?"

கிரீஸ் அண்ணன் கூரையைப் பார்த்தார். ஆமாம் என்றால், முதல் மணிக்கே ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்ததாகச் சீட்டுக்கட்டு வரும். "நாங்க... அந்தப் பக்கமா ஒரு சோதனைக்குப் போனோமுங்க," என்று முனகி, மறுபடி இருமலுக்குள் ஒளிந்துகொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் அகராதி. "இந்தம்மா கெட்ட எண்ணத்தோட மத்தியானம் பூரா அந்த வார்த்தையைச் சொல்லி மணி அடிச்சிருக்காங்க. லிஃப்ட் அது பாட்டுக்கு இறங்கிச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லையா? நீங்கதானே சார் எனக்கு எடுத்துக் குடுத்தீங்க? 'கெட் மேரீட் விட்டுட்டியே, கழுதை'ன்னு?"

"நானா? அந்தச் சொல்லையா? என் நாக்கு அழுகிடாது?"

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா புருஷன் விட்டுப்போன கம்பெனியை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவர். ஆங்கிலத்தில் அவருக்கு நாட்டமில்லை, லிஃப்டில் உண்டு. எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பேசிட்டே இருந்தா ஆகாது. செஞ்சு பாத்துடுவோம். வாங்க எல்லாரும்."

லிஃப்ட் வாசலில் மூலை அறுந்த அட்டை சுவரோடு சாய்ந்து நின்றது. முதலாளியம்மா அதைக் காட்டினார்.

"சார், இதை எடுத்துக்கிட்டு உள்ள ஏறுங்க. அண்ணே, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிறுத்துங்க. சார் போன் பண்ணட்டும். அட்டையில இருக்கிற எந்தச் சொல்லை வேணா சொல்லட்டும். இந்தப் பொண்ணு மட்டும் இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொல்லாது, மணியைத் தொடாது. லிஃப்ட்தான் தானா இறங்குமே! இறங்கிடுச்சுன்னா நீங்க சொன்னது நிஜம்; திட்டம் எல்லாக் கிளைக்கும் போகும், இவ கிடங்குக்குப் போவா. அவ சொன்னதுதான் நிஜம்னா, அவ நாற்காலி அவளுக்கு, மணி பழைய வேலைக்கு. சரியா?"

"சரிங்க," என்றார் அகராதி. வேறென்ன சொல்வார்?

அட்டையைத் தூக்கினார். கம்பிக் கதவைக் கிரீஸ் அண்ணன் மிகுந்த மரியாதையோடு திறந்துவிட்டார். "போன தடவை மாதிரி அவசரம் இல்ல சார். எங்களுக்கு இன்னிக்கு வேற வேலையே கிடையாது, பட்டறையிலயேதான் இருப்போம்."

உள்ளே, நேற்று மஞ்சள் காமாலையாக எரிந்த அந்த விளக்கு. நேற்று நின்றுபோன விசிறி. தரையில் அவர் உட்கார்ந்ததில் நசுங்கிய தோள்பை இன்னும் கிடந்தது. வலது காலை உள்ளே வைத்தார். லிஃப்ட் லேசாக ஆடியது.

"சார்," என்றாள் மச்சினி, லிஃப்ட் வாசலுக்கு எதிரே இருந்த தன் மேசையிலிருந்தே. கைகளை மடியில் கோத்து, மணிக் கயிற்றைப் பார்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். "எந்த வினைச்சொல்லுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க. கையெழுத்தையும் இப்பவே போட்டுடறீங்களா?"

அவர் அட்டையைப் பார்த்தார். அட்டை முழுக்க எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் பட்டும் பீதாம்பரமுமாக நின்றது. ஆபத்துக்கு ஓடிவரக்கூடியது அதில் ஒன்றுகூட இல்லை.

வலது காலை மெல்ல வெளியே எடுத்தார். அட்டையைத் திருப்பி, எழுத்து தெரியாதபடி சுவரோடு சாய்த்து வைத்தார்.

"நடந்ததுங்க," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ சொன்னது அத்தனையும் நடந்தது. பாதி அவ சொன்னா. மீதி நான்தான் எடுத்துக் குடுத்தேன்."